மானிடவியல் களப்பணி: கேள்வித்தாள் இருந்தால் போதாதா?

கேள்வி – 11 ஜூன் 2022

விலங்கியல் இளங்கலை முடித்துவிட்டேன். முதுகலை மானிடவியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. "அதைப் படிச்சு என்ன பண்ணப் போறே" என்று வீட்டில் கேட்கிறார்கள். அதை நான் சமாளித்துக்கொள்வேன். என் சந்தேகம் வேறு. பாடத்திட்டத்தில் களப்பணிக்கு வாரக்கணக்கில் ஒதுக்கியிருக்கிறார்கள். முனைவர் பட்டத்துக்கு என்றால் ஒரே ஊரில் ஒரு வருடம் இருக்க வேண்டுமாம். நல்ல கேள்வித்தாளாகத் தயாரித்து நாலு பேர் கிளம்பினால் 200 வீட்டை ஒரு வாரத்தில் முடித்துவிடலாமே? ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பது எப்படி ஆராய்ச்சி ஆகும்? படித்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – 11 ஜூன் 2022, இரவு

போதாது.

2010-இல் முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரில் போய் இறங்கினேன். பதினொரு மாதம் இருந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், காரணம் பிறகு. கையில் 64 கேள்விகள் கொண்ட தாள். வழிகாட்டி பார்த்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டது. முதல் கேள்வி: "குடும்பத்தில் மொத்தம் எத்தனை பேர்?" இதைவிடச் சுலபமான கேள்வி இருக்க முடியுமா?

முதல் வீட்டில் ஓர் ஆயா. புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் பழைய வலையை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். கை வேலையை நிறுத்தாமலே திருப்பிக் கேட்டார்: "எந்தக் கணக்குக்குக் கேக்குற? கார்டுக்கா, வரிக்கா, சோத்துக்கா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். கார்டு என்றால் ரேஷன் கார்டு. அதில் ஏழு பேர். ஆனால் வீட்டில் இருப்பது எட்டு. சின்ன மருமகளின் பெயர் இன்னும் அவள் அம்மா வீட்டுக் கார்டில்தான் இருக்கிறது. வரி என்றால் ஊர் வரி. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழாவுக்கும் ஊர்ச் செலவுக்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பஞ்சாயத்தார் வரி போடுவார்கள். அந்தக் கணக்கில் இரண்டு, பெரிய மகனும் சின்ன மகனும். சோறு என்றால் அடுப்பு. அதில் மூன்று. பெரியவன் குடும்பம் தனி உலை, சின்னவன் குடும்பம் தனி உலை, ஆயாவும் மகள் வயிற்றுப் பேரனும் தனி உலை. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே.

என் தாளில் 'குடும்பம்' என்று ஒரே ஒரு சொல். அது இதில் எதைக் கேட்கிறது என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் நாலு பேரும் 200 வீட்டில் போய்க் கேட்டால் ஒருவர் கார்டை எழுதிவருவார், இன்னொருவர் அடுப்பை எழுதிவருவார். கூட்டிச் சராசரி போட்டால் ஓர் எண் வரும். அந்த எண் எதைச் சொல்கிறது?

13 ஜூன் 2022

முந்தாநாள் எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது. ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். கேள்விகள் 64 இல்லை, 58. அது போகட்டும். இன்னொரு தவறு பெரியது.

ஆயா முதல் நாளே அப்படிக் கேட்கவில்லை. முதல் நாள் "ஏழு பேரு" என்றார். எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்றாவது வாரம், தாளை அறையிலேயே வைத்துவிட்டு, அவரோடு உட்கார்ந்து நெத்திலியில் கலந்திருந்த குப்பையைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. வீட்டில் எட்டுப் பேரைப் பார்த்துவிட்டு, "ஏழு பேருன்னு சொன்னீங்களே ஆயா" என்று நான் இழுத்தேன். அதற்குத்தான் "எந்தக் கணக்குக்கு" என்று கேட்டார். ஆய்வேட்டின் முன்னுரையில் நானே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டு வருடமாகப் பல பேரிடம் சொன்ன கதை இது. சொல்லச் சொல்ல மூன்றாவது வாரம் முதல் நாளாக நகர்ந்துவிட்டிருக்கிறது. உங்கள் கேள்விக்கு இந்தத் திருத்தம்தான் சரியான பதில் என்று இப்போது படுகிறது. தாளோடு போன அன்று எனக்குச் சுத்தமான ஒரு விடை கிடைத்தது. தப்பு என்று சந்தேகப்படவே இடமில்லாத விடை. மூன்று வாரம் அங்கே இருந்திராவிட்டால் அந்த 'ஏழு' அப்படியே ஆய்வேட்டுக்குள் போயிருக்கும்.

14 ஜூன் 2022

அப்புறம், களக்குறிப்பு பற்றி. நேற்றைய திருத்தத்தோடு சேர்ந்ததுதான் இது.

பார்த்ததை அன்றன்றைக்கே எழுத வேண்டும். மறுநாள் காலை என்றாலே பாதி போய்விடும், மீதி அழகாகிவிடும். எனக்கு இரண்டு நோட்டு. இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு குட்டி நோட்டு: ஒரு சொல், ஒரு விலை, யார் யாரோடு நின்றார்கள் என்று மட்டும். இரவில் பெரிய நோட்டு: குட்டி நோட்டைப் பார்த்துப் பார்த்து முழு நாளையும் விரித்து எழுதுவது. இரண்டு மணி நேரம் ஆகும். உடம்பு கெஞ்சும். எழுதாமல் படுத்த நாட்களில் என்ன நடந்தது என்று இன்று யாரும் சொல்ல முடியாது.

படி எடுத்து வேறு வேறு இடத்தில் வையுங்கள். எம்.என். சீனிவாசுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், இல்லாவிட்டால் முதல் பருவத்திலேயே கேள்விப்படுவீர்கள். மைசூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1948-இல் களப்பணி செய்தவர். குறிப்புகளை ஒழுங்குபடுத்தி மூன்று படி வைத்திருந்தார். மூன்றும் ஸ்டான்போர்டில் ஒரே கட்டடத்தில் இருந்தன. 1970 ஏப்ரலில் அந்தக் கட்டடத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். மூன்றும் போயின. பிறகு நினைவிலிருந்தே ஒரு புத்தகம் எழுதினார், 1976-இல் வந்தது, பெயரே 'நினைவில் நிற்கும் கிராமம்' என்ற பொருளில்தான். அருமையான புத்தகம்தான். ஆனால் அவர் கெட்டிக்காரர், அதனால் தப்பினார். உங்களுக்கும் எனக்கும் படிதான் துணை.

19 ஜூன் 2022

என்னென்ன பாடம் இருக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நம் பல்கலைக்கழகங்களில் மானிடவியல் என்றால் பண்பாடு மட்டும் இல்லை. மண்டையோடு, ரத்த வகை, கைரேகை எல்லாம் உடல்சார் மானிடவியலில் வரும். கல்லாயுதம் வரும். மொழி கொஞ்சம் வரும். விலங்கியல் படித்தவருக்கு முதல் பருவம் கஷ்டமே இல்லை. மற்றவர்கள்தான் எலும்புப் பெயர்களை மனப்பாடம் செய்து திணறுவார்கள்.

ஆனால் என்னை இந்தப் படிப்பில் கட்டிப்போட்டது உறவுமுறை வகுப்பு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆசிரியர் கரும்பலகையில் முக்கோணமும் வட்டமுமாக வரைந்தார். முக்கோணம் ஆண், வட்டம் பெண். "அப்பாவின் அண்ணன் மகன் உனக்கு என்ன முறை?" அண்ணனோ தம்பியோ. "அம்மாவின் தம்பி மகன்?" மச்சான், எங்கள் பக்கம் அத்தான் என்றும் சொல்வோம். "ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். உங்களுக்கு ஏன் இரண்டு?" வகுப்பே அமைதியானது. அதில் என்ன கேள்வி இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒருவன் கூடப் பிறந்தவன் மாதிரி, இன்னொருவனைக் கட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதானே? வடநாட்டிலிருந்து வந்து எங்களோடு படித்த மாணவி ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். அவளுக்கு மாமன் மகனும் அண்ணன்தான். அந்தச் சுளிப்பைப் பார்த்த பிறகுதான், நான் மூச்சுவிடுவது போலப் பழகிய ஒன்று உலகத்துக்குப் பொதுவானது இல்லை என்று உறைத்தது.

அமெரிக்காவில் மார்கன் என்று ஒரு வழக்கறிஞர். நியூயார்க் மாநிலத்துச் செனக்கா பழங்குடியினரின் உறவுப் பெயர்களைத் திரட்டினார். அப்பாவின் சகோதரரும் அப்பாதான், அம்மாவின் சகோதரர் மட்டும் மாமா என்று அங்கேயும் இருந்தது. உறவுப் பெயர்களைக் கேட்கும் பட்டியலை அச்சடித்து உலகம் முழுக்க அனுப்பினார். தமிழுக்கான விடைகள் தென்னிந்தியாவில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வழியாகப் போயின. பார்த்தால் செனக்காவும் தமிழும் அச்சாக ஒன்று! அவர்கள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கே இது சாட்சி என்று 1871-இல் பெரிய நூலாகப் போட்டார்.

இரண்டும் ஒன்றில்லை. கொஞ்சம் தள்ளிப் போனால் பிரிந்துவிடும். அப்பாவின் மாமன் மகன், அதாவது அவருக்கு மச்சான் முறை ஆகிறவர், நமக்கு என்ன முறை? யோசிக்காமல் 'மாமா' என்பீர்கள். அவர் மகள் முறைப்பெண். செனக்காவில் அவரும் அப்பா வரிசைதான், அவர் மகள் சகோதரி. அவர்கள் அந்த ஆள் ஆணா பெண்ணா என்று பார்த்துப் பிரிக்கிறார்கள், நாம் கொண்டான் கொடுத்தான் முறையைப் பார்த்துப் பிரிக்கிறோம். லவுன்ஸ்பரி என்பவர் 1964-இல் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். மார்கன் நூலுக்கும் இதற்கும் இடையே 93 வருடம். நம் ஊரில் எந்தப் பாட்டியிடம் கேட்டிருந்தாலும் ஒரு மூச்சில் சொல்லியிருப்பார்.

கவனியுங்கள், மார்கன் அனுப்பியதும் ஒரு கேள்வித்தாள்தான். அது இல்லாமல் இந்தத் துறையே இப்படி வளர்ந்திருக்காது. அதனால் நான் அதை முற்றாகத் தள்ளவும் முடியாது. இன்னும் யோசிக்க வேண்டும்.

20 ஜூன் 2022

"முறைப்பெண் கல்யாணமே குறைந்துபோச்சு, இனி இதைப் படித்து என்ன" என்கிறார் ஒருவர். கல்யாணம் குறைந்திருக்கிறது, சரி. கூப்பிடுவது குறைந்திருக்கிறதா? பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரை 'அண்ணே' என்பதா 'மாமா' என்பதா என்று நீங்கள் முடிவு செய்யும் அந்த அரை நொடியைக் கவனியுங்கள். சொந்த சாதி ஊரில் ஒரு மாதிரி, வெளியூரில் ஒரு மாதிரி. அதுவே ஓர் ஆய்வுக்குக் காணும்.

9 ஜூலை 2022

வேலை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சுருக்கமாக: பலர் குடிமைப் பணித் தேர்வுக்கு விருப்பப் பாடமாக எடுக்கிறார்கள். இந்திய மானிடவியல் ஆய்வகம், அருங்காட்சியகம், பழங்குடியினர் நலத் திட்டங்கள், பொதுச் சுகாதாரம், கற்பித்தல். நான் பொதுச் சுகாதாரப் பக்கம் இருக்கிறேன். சம்பளம் ஓஹோ என்று இல்லை, குடும்பம் ஓடுகிறது.

இப்போது நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஊருக்கு நான் போனபோது சுனாமி முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் கடலூர்க் கரையிலும் இழப்பு குறைவில்லை. அதன் பிறகு அந்தக் கரைக்குக் கணக்கெடுக்க வராத ஆள் இல்லை. அரசு, தொண்டு நிறுவனங்கள், வெளிநாட்டுக் குழுக்கள், கல்லூரி மாணவர்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: "எழுதிக்கிட்டுப் போனவங்க பேப்பரை எல்லாம் சேத்து வச்சா ஒரு வல்லம் பாரம் வரும். அதுல நீ ஒரு கட்டு கொண்டாந்திருக்கியா?"

என்னிடம் கோபப்படவில்லை. எனக்கு விடையே கொடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல: இத்தனை பேர், இவ்வளவு வலை, என்ஜின் போனது, என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை. எந்த வரிசையில் கேட்பார்கள் என்று தெரிந்து அதே வரிசையில் சொன்னார். கேள்வித்தாள் ஊருக்குள் வந்து வந்து, ஊரே அதன் பாஷையைக் கற்றுக்கொண்டிருந்தது. துக்கத்தைக்கூட கட்டம் கட்டமாகச் சொல்லக் கற்றிருந்தார்கள். அன்றைக்கு நான் நோட்டை எடுக்கவே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வலையில் ஊசி கோக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து, கடலில் போன தம்பியைப் பற்றி அவராகப் பேசினார். அதை நான் ஆய்வேட்டில் எழுதவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.

10 ஜூலை 2022

பாடப்புத்தகத்தில் இவர்களைத் 'தகவலாளி' என்று எழுதச் சொல்வார்கள். தேர்வில் எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். ஆனால் நெத்திலி காயப்போடும் ஆயாவை அப்படிக் கூப்பிட எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

17 ஜூலை 2022

"மூக்கை அளந்து சாதி பிரித்த வெள்ளைக்காரன் படிப்புதானே இது" என்று காட்டமாக ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் பொய் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன் அளவுகோலும் கையுமாக மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909-இல் ரங்காச்சாரியோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். இன்ன குடி இன்ன குணம் என்று பட்டியல் போடும் அதே காலத்து மனசுதான் குற்றப் பரம்பரைச் சட்டத்திலும் இருந்தது. 1871-இல் வந்த அந்தச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள்.

எங்கள் ஆய்வகத்திலும் அந்த அளவுகோல் இருந்தது. இரும்பில், வளைந்த இரு கால்களோடு. பக்கத்து இருக்கைத் தோழியின் மூக்கை அளந்து குறியீட்டெண் போட வேண்டும். அந்தக் குளிர்ந்த முனைகள் மூக்கின் இரு பக்கமும் தொட்டபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முறை மாறி அவள் என்னை அளந்தபோது நானும் மூடிக்கொண்டேன். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நூறு வருடத்துக்கு முன் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிவரப்பட்ட ஒருவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு அன்று கொஞ்சம் தெரிந்தது.

இந்த வரலாற்றை மறைத்துவிட்டு இந்தப் படிப்பைச் சொல்லித்தரக் கூடாது. அதே சமயம் இதற்காகப் படிக்காமல் இருக்கவும் வேண்டாம். எண்ணப்பட்ட, அளக்கப்பட்ட வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் படித்தால்தான் கேள்விகள் மாறும். நான் அப்படி ஒரு வீட்டிலிருந்துதான் வந்தேன்.

6 ஆகஸ்ட் 2022

எங்கே தங்குவது? இது வசதி பார்த்து முடிவு செய்யும் விஷயம் இல்லை. எங்கே தங்குகிறீர்களோ அங்கிருந்துதான் ஊர் தெரியும். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேல் அறுபதுகளின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து ஊரில் அக்கிரகாரத்தில் தங்கினார். அதனால் தலித் மக்களின் தெருவுக்குள் இயல்பாகப் போய்வர முடியவில்லை என்று அவரே பதிவு செய்திருக்கிறார்.

எனக்கும் அதுதான் நடந்தது. பஞ்சாயத்தார் ஒருவர் வீட்டு மாடியில் அறை கொடுத்தார்கள். மின்விசிறி, கதவுக்குப் பூட்டு, நல்ல மனிதர்கள். நாலு மாதம் எல்லாரும் என்னிடம் மரியாதையாகப் பேசினார்கள். பஞ்சாயத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் "நல்லா பாத்துக்குறாங்க" என்று ஒரே பதில். பிறகு ஆயா வீட்டுத் திண்ணைக்கு மாறினேன். கொசு, கருவாட்டு வாடை, விடியற்காலை மூன்று மணிக்கே கூடையைத் தூக்கிக்கொண்டு ஏலத்துக்குக் கிளம்பும் பெண்களின் சத்தம். முதல் வாரமே பேச்சு மாறிவிட்டது. சுனாமி நிவாரணத்தைத் தலைக்கட்டுக் கணக்கில் பிரித்தார்கள், புருஷன் இல்லாதவள் அந்தக் கணக்கில் வரவில்லை, இது அங்கேதான் காதில் விழுந்தது. ஆயாவுக்கு அந்த முதல் நிவாரணத்தில் தன் பெயரில் ஒன்றுமே கிடைக்கவில்லை. மகள் கடலோடு போயிருந்தாள். அவள் பையனை வைத்துக்கொண்டிருந்தது ஆயாதான்.

ஊர்ப் பெயரைச் சொல்லாததற்கு இதுதான் காரணம். பெத்தேல் தன் ஊருக்கு ஸ்ரீபுரம் என்று பெயர் வைத்தார், தஞ்சாவூர்ப் பக்கம் களப்பணி செய்த இன்னொரு மானிடவியலாளர் கேத்லீன் கஃப் கும்பபேட்டை என்று வைத்தார். இரண்டும் புனைபெயர்கள். நாம் எழுதிவிட்டு வந்துவிடுவோம். அவர்கள் அதே பஞ்சாயத்தாரின் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும்.

22 அக்டோபர் 2022

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். சேர்ந்துவிட்டாராம், வாழ்த்துகள். கோடையில் களப்பணி. வழிகாட்டி கேள்வித்தாள் கட்டாயம் என்கிறாராம். "நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள், அவர் வேண்டும் என்கிறார், என்ன செய்ய?"

வேண்டும் என்றே நானும் சொல்கிறேன். ஜூனில் நான் எழுதியது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஆறாவது மாதம் நான் புதிதாக ஒரு தாள் போட்டேன். பன்னிரண்டே கேள்விகள், எல்லாம் ஊர்ச் சொற்கள்: எத்தனை அடுப்பு, எப்போது உலை பிரிந்தது, வலைப் பங்கு யாருக்கு, ஆள் பங்கு யாருக்கு. வீடு வீடாகப் போனேன். கல்யாணமான வருடமே உலை பிரிந்துவிடும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு நெருங்கிய வீடுகளில் அப்படித்தான் இருந்தது. எண்ணிப் பார்த்தால் பெரும்பாலான வீட்டில் முதல் குழந்தை பிறந்த பிறகுதான் பிரிந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்தே இருந்திருந்தால் என் நாலு தோழிகளின் கதையை ஊரின் கதை என்று எழுதியிருப்பேன்.

ஆகவே வழிகாட்டியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: தாளை முதல் வாரம் எடுக்காமல் நாலாவது வாரம் எடுக்கலாமா? அவர் மறுத்தால் முதல் வாரம் ஒரு தடவை கேளுங்கள், கடைசி வாரம் அதே வீடுகளில் இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டு விடைக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் உங்கள் ஆய்வேட்டின் நல்ல அத்தியாயமாக ஆகலாம்.

கடற்கரை ஊர் என்றால் இன்னொன்று. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கும். முன்பு 45 நாள், 2017-இலிருந்து 61 நாள். விசைப்படகில் போகும் ஆட்கள் கரையில் இருப்பார்கள், வலை சரிசெய்வார்கள், பேச நேரம் இருக்கும். ஆனால் அந்த நாட்களை மட்டும் பார்த்துவிட்டு ஊர் எப்போதும் இப்படித்தான் என்று எழுதிவிடாதீர்கள். கையில் காசு இல்லாத மாதங்கள் அவை.

26 டிசம்பர் 2022

இன்று ஊருக்குப் போயிருந்தேன். காலையில் கடலில் பால் ஊற்றிப் பூப் போட்டார்கள். ஆயா இறந்து நாலு வருடம் ஆகிறது. பெரிய மகனின் இரண்டாவது பெண் என்னை அடையாளம் கண்டுபிடித்தாள். அன்றைக்கு எட்டு வயது, இப்போது கல்லூரி. ஆய்வேட்டின் படி ஒன்றை அப்போதே அவர்கள் வீட்டில் கொடுத்திருந்தேன். ஆங்கிலத்தில் இருந்ததால் இத்தனை வருடம் பரணில் கிடந்ததாம். இப்போது அவள் படிக்கிறாள்.

27 டிசம்பர் 2022

நேற்று இரவு அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி. ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, கீழே: "அக்கா, இது தப்பு. ஆயா வரி கட்டுனாங்க."

அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பது: கைம்பெண்கள் தலைக்கட்டுக் கணக்கில் வருவதில்லை, அவர்களிடம் வரி வாங்குவதும் இல்லை, அதனால் ஊர்ப் பணம் பிரியும்போது அவர்களுக்குப் பங்கும் இல்லை.

போன் செய்தேன். அவள் சொன்னது இதுதான். கடலுக்குப் போகத் தொடங்கும் பையனுக்குக் கல்யாணம் ஆகும்வரை அரை வரி உண்டு. ஆயா தன் பேரன் பெயரைக் கொடுத்து அரை வரி கட்டியிருக்கிறார். அவன் அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான், ஒரு நாள்கூட கடலுக்குப் போனதில்லை. பஞ்சாயத்தாருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் வாங்கிக்கொண்டார்கள். சுனாமி நிவாரணத்தில் விட்டுப்போன வீடு இனி எந்தக் கணக்கிலும் விட்டுப்போகக் கூடாது என்று ஆயா கண்டுபிடித்த வழி. "ஊருக்கே தெரியுமேக்கா" என்றாள்.

விதியை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். அந்த விதிக்குள்ளேயே ஒரு கிழவி நுழைந்து இடம் பிடித்ததையும், பஞ்சாயத்தார் கண்டும் காணாமல் இடம் விட்டதையும் எழுதவில்லை. ஆயாவை ஒன்றும் செய்ய முடியாதவராக எழுதிவிட்டேன். அவர் வீட்டுத் திண்ணையில் ஏழு மாதம் படுத்திருந்தவள் நான்.

31 டிசம்பர் 2022

அம்மா வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளைத் தேடி எடுத்தேன். இன்னும் லேசாகக் கருவாட்டு வாடை இருக்கிறது.

குட்டி நோட்டு, 27 மார்ச் 2010. என் கையெழுத்து: "கார்டு 7. வரி 2½ (?). அடுப்பு 3."

இரண்டரை. ஆயா இரண்டரை என்றுதான் சொல்லியிருக்கிறார். நான் கேள்விக்குறி போட்டுவிட்டு, பிறகு கேட்கவே இல்லை. அன்று இரவு எழுதிய பெரிய நோட்டில் "வரி 2" என்று இருக்கிறது. அந்த அரையை வெட்டியது வேறு யாரும் இல்லை. ஜூன் மாதம் இங்கே எழுதியபோதும் 'இரண்டு' என்றே எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் பாருங்கள்.

இன்னொரு குறிப்பும் கிடைத்தது. மே மாதம், திருவிழாவுக்கு முன்: "ஆயா பேரனிடம் 50 ரூபாய் கொடுத்துக் கோயில் வாசலுக்கு அனுப்பினார். எதற்கு என்று கேட்கவில்லை."

8 ஜனவரி 2023

இதையெல்லாம் இங்கே எழுதலாமா என்று அந்தப் பெண்ணிடமும் பேரனிடமும் முதலிலேயே கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். ஊர்ப் பெயர் வராத வரை சரி என்றார்கள்.

பேரனோடு நேற்று மறுபடியும் பேசினேன். கடலூர் சிப்காட்டில் வேலை. இன்றுவரை கடலுக்குப் போனதில்லை. "வரி?" என்று கேட்டேன்.

"இப்ப முழு வரிக்கா. போன வைகாசியில கல்யாணம் ஆச்சுல்ல."

உலை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆயா அடுப்பு இருந்த அதே மூலையில்தான் கேஸ் வைத்திருக்கிறார்களாம். ரேஷன் கார்டில் அவன் மனைவியின் பெயரை இன்னும் சேர்க்கவில்லை. எழுதிக்கொண்டேன்.